மாகாணிக் காடு

போஹோர்யே மலையின் வடசரிவில்
ஏழு ஹெக்டேர்.
பதிவேட்டில் இன்னமும் செத்தவர் இருவர்:
அப்பா அரை, பெரியப்பா அரை.

அப்பாவின் அரையில்
அண்ணன் ஸ்ரெச்கோவுக்குக் கால், எனக்குக் கால்.
பெரியப்பாவின் அரை நான்காய் உடைந்து
ஆளுக்கு அரைக்கால்.
அதில் ஓர் அரைக்கால் கப்பலேறிப் போய்
அர்ஜென்டினாவில் கண்ணை மூடியது.
அதன் பிள்ளைகள் இருவருக்கும் மாகாணி, மாகாணி.
மூத்தவன் அன்செல்மோவுக்கு நான்கு குழந்தைகளாம்,
கால் வீசமாய்ச் சிதறும்.
அவர்கள் ஆளுக்கு ஐந்து பெற்றால்
முந்திரி.

ஒரு முந்திரியில் எத்தனை மரம் நிற்கும்?
பால் பில்லின் பின்பக்கம் வகுத்துப் பார்த்தேன்.
ஒன்பது.
ஒன்பதில் ஒன்று விழுந்தால்
அடுத்தவன் முந்திரியில்தான் விழும்.

தீயணைப்பு நிலையத்து மாடியில் கூடினோம்,
எவர் வீட்டு மேசையும் போதவில்லை.
வினிகர் பாட்டிலில் சாய்த்த போனுக்குள் அன்செல்மோ.
அங்கே கோடை; பனியனோடு இருந்தான்.

நீளநீளமாய்க் கீறிவிடலாம்
என்றார் அண்ணன், ஸ்கேல் கொண்டுவந்திருந்தார்.
மரவாடிக்காரர் நல்ல விலை சொல்கிறார்
என்றாள் தாத்யானா.
ஒருவர் எடுத்துக்கொண்டு
மற்றவர்க்குப் பணம் தரட்டும் என்றான் ஒருவன்.
அந்த ஒருவர் யார் என்றதும்
எல்லோருக்கும் காப்பி ஆறிப்போயிருந்தது.

நோட்டரியம்மாள் கண்ணாடியைக் கழற்றினாள்.
"கடைசியாகக் காட்டுக்குள் போனது யார்?"

நான் போய்ப் பதினோரு வருஷம்.
அண்ணனுக்கு முழங்கால்.
தாத்யானா சாலையிலிருந்து பார்த்திருக்கிறாள்,
கார் கண்ணாடியை இறக்கி.

கதவோரம் கார் சாவியோடு நின்றவள் பேசினாள்.
செனாதா. அண்ணனின் மருமகள்,
ஸெனித்சாக்காரி.
கண் புரை அறுத்தவரை ஓட்டிவர வந்தவள்.
"மூணாவது எல்லைக்கல்லுக்குக் கீழே
பதினாலு ஸ்புரூஸில் பட்டைவண்டு.
அடியில் காப்பித்தூள் மாதிரிக் கொட்டிக் கிடக்கு.
மார்ச்சுக்குள் இறக்கணும்.
இல்லைன்னா வெயில் வந்ததும்
மிச்சத்துக்கும் பறந்திடும்."

மூன்றாவது எல்லைக்கல் எங்கே இருக்கிறதென்று
உரிமையாளர் ஏழு பேரில்
எவருக்கும் தெரியவில்லை.
தெரிந்தவளுக்கு அரை இல்லை, கால் இல்லை,
முந்திரிகூட இல்லை.

என் காலை இவளுக்கு எழுதுங்கள் என்றேன்.
பெருந்தன்மை என்று நினைக்க வேண்டாம்:
எனக்குப் பிள்ளையில்லை, வேண்டிய நேரமில்லை,
வருஷாவருஷம் வரும் பழுப்பு உறையைப் பிரிக்க
எனக்கு அலுப்பு.

"அப்பாவின் காட்டை வெளியாளுக்கா?"
அண்ணன் ஸ்கேலை மடக்கினார்.
பிறகு இன்றுவரை என்னோடு பேசவில்லை.
அன்செல்மோவின் படம் உறைந்து நின்றது,
வாய் திறந்தபடி.

செனாதா நன்றி சொல்லவில்லை.
"ஓடைப் பாதையில் டிராக்டர் போக
உரிமை சேர்த்து எழுதுவீங்களா?
அது இல்லாம காலை வெச்சு என்ன செய்ய?"
நோட்டரி முதல்முறையாகச் சிரித்தாள்.

மீதி முக்கால் இன்னும் முடியவில்லை.
ஏப்ரலில் மறுபடி கூட்டம்.

அடுத்த ஞாயிறு அவளோடு ஏறினேன்.
ஃபிர் கன்றுகள் முழங்கால் உயரம்,
மான் கடித்த மொட்டைத் தலைகள்.
கோணிப்பையில் கழுவாத ஆட்டுரோமம்.
நுனிக்குருத்தில் ஒரு பிடி சுற்றினால்
மான் முகர்ந்துவிட்டு விலகிப்போகுமாம்.
இறுக்கிச் சுற்றினேன்.
"தளர்த்துங்க, அது வளரணுமே" என்றாள்.

இவை வெட்டும் பக்குவத்துக்கு வர
நூற்றிருபது வருஷம்.
அதற்குள் எத்தனை முந்திரி என்று
தொடங்கிய கணக்கை
அறுபத்து மூன்றாவது கன்றில் தவறவிட்டேன்.

திரும்பும் பஸ்ஸில் என் கையுறை
செம்மறி வாடை அடித்தது.
பக்கத்தில் இருந்தவர்
எழுந்து வேறு இருக்கைக்குப் போனார்.